பின்னணியில் நீலச் சட்டை

மாமா இறந்து மூன்று மணி நேரமும் இருபது நிமிடமும் ஆகியிருந்தன. பூச்சி பதினோராயிரம் படங்களுக்குள் அவருடைய முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் மாமா வைத்தது. பள்ளிக்கூடப் பையோடு வேலியோரச் செடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற மைத்துனியைப் பார்த்து, "என்ன பூச்சி, சொந்தக்காரங்களைத் தேடறியா?" என்றார். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவள் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். பேரும் கூடவே வந்தது. விலங்கியல் படித்து முடித்துப் பட்டம் வாங்கிவந்த அன்றும், "பட்டம் வாங்கின பூச்சி" என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னறையில் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்திருந்தாள். முன்னறையில் வாடகை நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் முன்னறையில் வைக்க ஒரு படம் வேண்டும்.

கதவருகில் பெரிய மாமா வந்து நின்றார். மாமாவின் அண்ணன். லாரி ஓட்டுகிறவர். செய்தி கேட்டு, பாதி வழியில் சரக்கை இறக்கிவிட்டு வந்திருந்தார்.

"கிடைச்சுதா?"

"பாத்துக்கிட்டிருக்கேன் பெரிய மாமா."

"வீட்டுல ஒரு கேமராக்காரியை வெச்சுக்கிட்டு, செத்தவனுக்கு ஒரு போட்டோ இல்லேன்னா வெளிய சிரிப்பாங்க." அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "ஈ மூஞ்சி இருக்கு. எறும்பு மூஞ்சி இருக்கு. என் தம்பி மூஞ்சி மட்டும் இல்லையா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார்.

முகம் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. ஒரு படத்தில் செடியை விலக்கிப் பிடித்திருக்கிற இரண்டு விரல். இன்னொன்றில் வெளிச்சத்தை மட்டுப்படுத்தப் பிடித்த வெள்ளைக் குடையின் காம்பும் மணிக்கட்டும். மீதியில் அவருடைய சட்டை.

தேனீயின் கண்ணில் இருக்கிற மயிரை எண்ணுகிற அளவுக்குக் கிட்டப் போகிற லென்ஸ் அது. அந்தத் தூரத்தில் ஒரு நகத்தின் கனத்துக்குத்தான் தெளிவு கிடைக்கும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து வெறும் நிறமாகிவிடும். பின்னால் இலைகள் இருந்தால் அழுக்குப் பச்சையாகத் திட்டுத் திட்டாக விழும். அதனால் மாமா தேனீக்கு இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வார். முந்தின நாள் சாயங்காலம் கொடியிலிருந்து துணி எடுக்கும்போதே கேட்டுவிடுவார். "நாளைக்கு என்ன கலர் வேணும்?"

மஞ்சள் பூ என்றால் நீலம். வெள்ளைப் பூ என்றால் கறுப்பு. அவரிடம் மொத்தம் ஐந்து சட்டைதான். ஆரஞ்சு கேட்டால், "அதுக்கு வேற மாமனைப் பாத்துக்கோ" என்பார்.

நானூற்றுச் சொச்சம் படங்களில் தேனீக்குப் பின்னால் சீராக விரிந்திருக்கிற நீலம் அவர்தான். லென்ஸைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் நிமிர்த்தியிருந்தால் முகம் வந்திருக்கும். ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

பனித்துளி ஒன்றை எடுத்த படத்தில் தலைகீழாக ஒரு ஆள் தெரிந்தார். பெரிதாக்கினாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. இரண்டு பழுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை.

கடைசிக் கோப்புறைக்கு வந்தாள். திங்கட்கிழமை. நாற்பது படம். திறந்தாள், மூடினாள்.

கடைசியில் மாமா வேலை பார்த்த பூப்பண்ணையின் அடையாள அட்டையைக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி வாங்கிவந்தார்கள். தாடையின் குறுக்கே பண்ணை முத்திரை அரைவட்டமாக விழுந்திருந்தது. அதை அழித்துத் தர ஒரு மணி நேரம் ஆகும் என்றாராம் கடைக்காரர். பெரிய மாமா அப்படியே வாங்கிவந்துவிட்டார்.

உடம்பு வந்தது. அந்த அட்டையிலிருந்த படத்தைவிட உடம்பில்தான் மாமா மாமாவாக இருந்தார். வென்டிலேட்டர் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் தடம் மட்டும் இரண்டு கன்னத்திலும் சிவப்பாக இருந்தது.

அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். யார் புதிதாக உள்ளே வந்தாலும் முதலிலிருந்து சொன்னாள். அழாமல் சொன்னாள். மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு வரிசை வந்துவிட்டது.

"திங்கக்கெழமை பண்ணையில பூச்சிமருந்து நாள். ஆறரைக்கு அடிக்க ஆரம்பிக்கணும். காலங்காத்தால காத்து இருக்காது, வெயில் இருக்காது, ஒண்ணும் ஆகாது. பதினாறு வருசமா அடிக்கறாரு, ஒரு தும்மல் வந்ததில்ல. எனக்குப் பேக்கரில நாலு மணிக்கு வேலை. அதனால மருந்து நாள்னா நான்தான் அங்கேருந்து போன் பண்ணி எழுப்புவேன். ஆறேகாலுக்குப் பண்ணேன். எடுக்கல. மறுபடி பண்ணேன். மூணு தடவை. அதுக்குள்ள பன் வெந்து மணி அடிச்சுடுச்சு. ஒம்பது மணிக்கு மெசேஜ் வருது. 'தூங்கிட்டேன், இப்பதான் எந்திரிச்சேன், போறேன்'னு. ஒம்பதரைக்கு மேல அடிச்சிருக்காரு. அன்னிக்குப் பாத்து அந்தக் காத்து. புழுக்கத்துல மாஸ்க்கைக் கழட்டிட்டாராம். தூக்கம். பாழாப்போன தூக்கம்."

"தூங்குமூஞ்சி," என்றார் பெரிய மாமா சுவரைப் பார்த்தபடி. "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். பரீட்சை ஹால்ல தூங்கினவன். கல்யாணத்தன்னிக்கு நான் தண்ணி ஊத்தி எழுப்பினேன்."

இரண்டொருவர் சிரித்தார்கள். சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, "மனுசன் தூங்கினதே குத்தமாப் போச்சே" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"கடைசியா நான் அவருக்கு என்ன அனுப்பினேன் தெரியுமா?" அக்கா போனை எடுத்துக் காட்டினாள். "எருமை மாடு."

தையல்காரம்மா அந்தத் திரையைப் பார்த்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ மட்டும் இல்லேன்னா அன்னிக்கே போயிருப்பாரு," என்று அக்கா பூச்சியைக் காட்டினாள். "கண்ணு மணி சுருங்கி ஊசிமுனையா இருக்கறதைப் பாத்ததுமே இன்ன மருந்துன்னு சொல்லிட்டா. ஓடிப்போய் டப்பா லேபிளைக் கிழிச்சுட்டு வந்தா. டாக்டரே கேட்டாரு, நீங்க நர்ஸான்னு. மூணு நாள் கூட இருந்துச்சே அந்த உசிரு, அது இவ குடுத்தது."

எல்லாரும் பூச்சியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவின டம்ளர்களையே மறுபடியும் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில்தான் மாமாவிடம் கேட்டாள்.

பண்ணையின் கடைசி வரிசையில், சூரியகாந்திக்கு நடுவே, ஒரு காய்ந்த குச்சி. மூன்று நாளாக அதில் ஏழு தேனீக்கள் தூங்கிக்கொண்டிருந்தன. வயிற்றில் நீலப் பட்டை போட்டவை. ஏழும் ஆண். அந்த இனத்தில் பெண்ணுக்கு மண்ணுக்குள் வீடு உண்டு, ஆணுக்குக் கிடையாது. இருட்டினதும் ஒரு குச்சியைத் தாடையால் கடித்துப் பிடித்துக்கொண்டு, காலெல்லாம் தொங்கவிட்டுத் தூங்கிவிடும். உடம்பில் வெயில் பட்டுச் சூடேறும்வரை விடிந்தது தெரியாது.

பூச்சிகளைப் படம் எடுத்து வைக்கிற வேலைக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஆள் எடுத்தது. விண்ணப்பத்தோடு ஒரே ஒரு படம் அனுப்பவேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். சனிக்கிழமை எடுத்ததில் மூன்றாவது தேனீயின் உணர்கொம்பு மங்கிவிட்டது. பார்க்கிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

"நாளைக்கு மருந்து நாளாச்சே பூச்சி," என்றார் மாமா. ஈரக் கையோடு டம்ளரை வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெயில் வந்தா அதுவே போயிடும் மாமா. எட்டே முக்கால். அதுவரைக்கும் அடிக்காம இருக்க முடியாதா? அந்த வரிசை மட்டும்."

"அந்த வரிசை மட்டும்னு மருந்துக்குத் தெரியுமா? முதல் வரிசையில அடிச்சாலே உன் ஆளுங்க காலி." கொஞ்சம் யோசித்தார். "மருந்து நாள்ல உன்னை அந்தப் பக்கமே விடக் கூடாதுன்னு உங்கக்கா உத்தரவு. தெரிஞ்சா பன்னோட பன்னா ரெண்டு பேரையும் அடுப்புல தள்ளிடுவா."

"தெரியாது மாமா. அவ நாலு மணிக்கே போயிடுவா."

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி. தூங்கறவனை அடிக்கறது பாவம். நானும் அந்த ஜாதிதானே. அதுங்க எந்திரிச்சுப் பறந்து பொழைச்சுப் போகட்டும். அப்புறம் அடிச்சுக்கறேன்."

அவள் அதற்குள் கேமராவில் பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சட்டை?"

"நீலம்."

திங்கட்கிழமை காலை மாமாவை யாரும் எழுப்பவில்லை. ஐந்து மணிக்கு அவரே எழுந்து அவள் கதவைத் தட்டினார். ஐந்தே முக்காலுக்குச் சூரியகாந்திக்கு நடுவே இருந்தார்கள். இலையெல்லாம் பனி. குச்சியைப் பிடித்து நிறுத்துகிற கிளிப் சனிக்கிழமையே உடைந்துவிட்டிருந்தது. ஏழு தேனீயும் முழுக்கத் தெளிவாக வரவேண்டும் என்றால், முன்னாலிருந்து பின்னால்வரை மயிரிழை மயிரிழையாக நகர்ந்து நாற்பது படம் எடுத்து, பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். முடிகிறவரை குச்சி அசையக் கூடாது.

"நான் பிடிச்சுக்கறேன்," என்றார் மாமா. பின்னால் மண்டிபோட்டு, கையை நீட்டி, குச்சியின் அடியை இரண்டு விரலால் பிடித்தார். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டார். "கிளிப்பு ரெடி."

பதினெட்டாவது படத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

அவர் அசையவில்லை. கண் மட்டும் அவளைப் பார்த்தது. அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள். போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. திரையில் தேனீக்களுக்குப் பின்னால் நீலம் சன்னமாக நடுங்கியது. குச்சி நடுங்கவில்லை.

"உங்கக்கா," என்றார் உதடு அசையாமல்.

"அசையாதீங்க மாமா. இன்னும் பதினாலு."

மூன்றாவது முறையும் அதிர்ந்து நின்றது. நாற்பதாவது படம் முடிந்ததும் அவர் எழுந்து மரத்துப்போன காலை உதறினார். "கூப்பிட்டா எங்க இருக்கேம்பா. தூங்கிட்டேன்னு அப்புறமா ஒரு மெசேஜ் போட்டுக்கறேன். அதைத்தான் அவ நம்புவா," என்று சிரித்தார்.

பிறகு வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். எட்டு முப்பத்தெட்டுக்கு முதல் தேனீ தாடையை விட்டது. ஒவ்வொன்றாக உடம்பை உதறிக்கொண்டு கிளம்பின. ஏழாவது போனதும் மாமா கைகளைத் தட்டிக்கொண்டார். ஒரு பெரிய வேலையை முடித்த ஆள் மாதிரி.

"ஏழும் பொழைச்சுது. நீ வீட்டுக்குப் போ. இங்க நிக்காத."

அவள் சைக்கிளை எடுக்கும்போதே சூரியகாந்தித் தலைகள் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடத் தொடங்கியிருந்தன. பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் போனாள். பன்னிரண்டு பத்துக்குப் படம் முடிந்து அனுப்பிவிட்டாள். பன்னிரண்டு நாற்பதுக்குப் பண்ணையிலிருந்து போன் வந்தது. காவல்காரர்தான் பேசினார். டேங்க்கை முதுகிலிருந்து கழற்றாமலே மாமா வரப்பில் உட்கார்ந்திருக்கிறார், வாயிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது என்றார்.

இரண்டு மணிக்குப் பண்ணையின் சூப்பர்வைசர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. கையில் பெரிய பூங்கொத்து. சூரியகாந்தியும் டேலியாவும். மாமாவின் காலடியில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார்.

பூச்சி அந்தக் கொத்தையே பார்த்தாள். நடுவில் இருந்த சூரியகாந்தி நன்றாக மலர்ந்து மகரந்தம் உதிர்ந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றுமில்லை. ஒரு எறும்புகூட இல்லை. தையல்காரம்மா முகத்தை அதில் வைத்து அழப்போனபோது பூச்சி எழுந்து கொத்தை எடுத்து வெளியே சுவரோரமாக வைத்துவிட்டு வந்து கை கழுவினாள். இடத்தை அடைக்கிறது என்று எடுத்ததாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சூப்பர்வைசர் அக்காவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இந்த நேரத்துல கேக்கறதுக்கு மன்னிக்கணும்மா. சம்பவ அறிக்கை. இன்னிக்குள்ள மேல அனுப்பணும். நீங்க ஆஸ்பத்திரியில சொன்னதைத்தான் எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து."

"கண்ணு தெரியலை," என்றாள் அக்கா. "பூச்சி, நீ படிச்சுப் பாரு."

அவள் வாங்கினாள். முன்னறையில் பேச்சு நின்றது. எல்லாரும் கேட்கிறார்கள் என்பதால் சத்தமாகப் படிக்கவேண்டியதாயிற்று.

"மேற்படி ஊழியர், சம்பவ நாளன்று உறக்கத்திலிருந்து தாமதமாக எழுந்த காரணத்தால், குறித்த நேரத்தில் மருந்து தெளிக்கத் தவறி, காற்றும் வெயிலும் மிகுந்த வேளையில்…"

நிறுத்தினாள்.

"என்னடி?"

"ஒண்ணும் இல்லக்கா." தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "வேளையில், முகக்கவசம் இன்றி, தமது சொந்தப் பொறுப்பில் தெளித்ததாக அறியப்படுகிறது."

"காத்து ஏறினப்புறம் அடிக்கக் கூடாதுன்னு போர்டே வெச்சிருக்கோம்மா," என்றார் சூப்பர்வைசர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எத்தனையோ பேருக்கு அவரைத்தான் உதாரணமாச் சொல்லுவேன். ஒரு நாள் தூங்கிட்டாரு. நல்லவேளை, வேலை ஆள் தவிர வெளியாள் யாரும் அங்க இல்ல. இருந்திருந்தா விசாரணை வேற மாதிரிப் போயிருக்கும். அவரு பேருதான் கெட்டிருக்கும்."

பூச்சி தாளைப் பார்த்தபடி கணக்குப் போட்டாள். சொன்னால், மாமா வெளியாளை உள்ளே விட்டவர் ஆவார். சொல்லாவிட்டால், தூங்குமூஞ்சியாகவே போவார். எது அவருக்கு நல்லது என்று யோசிப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டாள்.

"சரியா இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"சரியா இருக்குக்கா."

அக்கா கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை. பூச்சி உள்ளே போய் வேறு பேனா கொண்டுவந்து கொடுத்தாள்.

நான்கு மணிக்குத் தூக்கினார்கள். பெரிய மாமா முன்னால் தோள் கொடுத்தார். படி இறங்கும்போது, "மெதுவா, மெதுவா, எழுப்பிடாதீங்கடா" என்றார். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. மயானம்வரை யாருக்கும் தோள் மாற்றிக் கொடுக்காமலே நடந்தார்.

அங்கே எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. முடிய இவ்வளவு நேரம் ஆகும் என்று பூச்சி நினைத்து வைத்திருந்ததில் பாதிகூட ஆகவில்லை.

திரும்பி வந்தபோது நாற்காலிக்காரர் வாசலில் வண்டியோடு நின்றிருந்தார். எண்ணி ஏற்றிக்கொண்டு போனார். தையல்காரம்மா ஒரு பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து மூடிவைத்துவிட்டுப் போனாள். பெரிய மாமா முன்னறையில் வெறும் தரையில் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். குறட்டை மாமாவுடையதைப் போலவே இருந்தது. அக்கா அதைத் தாங்கமுடியாமல் எழுந்து பின்வாசல் படிக்கு வந்துவிட்டாள்.

பூச்சி கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் இருட்டவில்லை. கொடியில் பேக்கரி உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. அக்கா கையில் போன் இருந்தது.

"குடிக்கா."

"வை."

வைத்துவிட்டு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"இதைப் பாரு." அக்கா போனைத் திருப்பிக் காட்டினாள். திங்கட்கிழமை காலை. அவர் பேருக்கு நேரே ஆறு பதினைந்து, ஆறு பதினாறு, ஆறு பதினேழு. "மூணு."

"பாத்தேன்க்கா."

"உனக்குத் தெரியாது. உங்க மாமா முதல் ரிங்குக்கு எந்திரிக்கவே மாட்டாரு. ரெண்டாவதுக்குப் புரண்டு படுப்பாரு. மூணாவதுக்குத் திட்டுவாரு. நாலாவதுக்குத்தான் எடுப்பாரு. பதினாறு வருசமா நாலாவதுதான். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் நான் நாலாவது பண்ணல." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "மணி அடிச்சுது. பன்னைப் பாக்கப் போயிட்டேன். எடுத்து வெச்சுட்டுப் பண்ணிக்கலாம்னு நெனச்சேன். எடுத்து வெச்சதும் அடுத்த தட்டு. எழுவது பன்னுடி. கருகினா எழுவது பன்னு. அதுக்காக நான் என் புருசனை எழுப்பல."

"அக்கா."

"நாலாவது பண்ணியிருந்தா எந்திரிச்சிருப்பாரு. ஆறரைக்கே அடிக்க ஆரம்பிச்சிருப்பாரு. இந்நேரம் உள்ள உக்காந்து, நீ எடுத்த ஈயைப் பாத்து ஆகா ஓகோன்னுட்டிருப்பாரு. நான் கொன்னுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்ட சொல்றேன். நான்தான் கொன்னேன்."

கஞ்சியில் ஆடை படிந்தது. அக்கா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை தானாக அணையும்போதெல்லாம் கட்டைவிரலால் தொட்டு எழுப்பினாள்.

"மாமா தூங்கலக்கா," என்றாள் பூச்சி.

அக்கா நிமிரவில்லை.

"அஞ்சு மணிக்கே எந்திரிச்சுட்டாரு. நாங்க ரெண்டு பேரும் பண்ணைக்குப் போனோம்."

சொல்ல ஆரம்பித்ததும் வரிசையாக வந்தது. குச்சி, ஏழு தேனீ, மாமா பாவம் பார்த்தது, கிளிப், நாற்பது படம், எட்டே முக்கால். அறிக்கை படிப்பதைப் போலத்தான் அவளுக்கே கேட்டது. ஒரு இடத்திலும் குரல் தடுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மெசேஜ் வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

திரை அணைந்தது. அக்கா தொடவில்லை.

"நான் கூப்பிட்டப்போ நீ எங்க இருந்த?" என்று கேட்டாள்.

"எதிர்ல."

"அடிச்சுதா?"

"நெஞ்சுல அதிர்ந்துச்சு. மூணு தடவையும்."

"எடுக்கப் போனாரா?"

"என்னைப் பாத்தாரு. நான் வேணாம்னு தலையாட்டினேன்."

அக்கா எழுந்தாள். கொடியிலிருந்து பேக்கரி உடுப்பை எடுத்தாள். உதறினாள். மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். முன்னறையில் குறட்டை ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. அடிப்பாள் என்று பூச்சி காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து ராத்திரி அவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, எந்திரிங்க எந்திரிங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றாள் அக்கா. "நீயும் பக்கத்துல இருந்த."

"ஆமாக்கா."

"பேப்பரை நீதான் படிச்ச."

"ஆமாக்கா."

மடித்த உடுப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அக்கா நின்றாள். அவளுடைய முகம் பின்வாசல் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. பூச்சி அதை நேராகப் பார்த்தாள்.

"பாவம்னுதானே விட்டாரு," என்றாள் அக்கா கடைசியில். முகம் தெரியாத யாரிடமோ கேட்பதைப் போலக் கேட்டாள். "அந்த ஏழுமாவது பொழைச்சுதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா போய்ப் பார்க்கப்போவதில்லை. யாரும் பார்க்கப்போவதில்லை.

"இல்லக்கா. அந்த மருந்து பூவுல ஏழு நாள் நிக்கும். அதுங்க சாயங்காலம் அதே குச்சிக்குத்தான் திரும்பி வரும். பொழைக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். எனக்குப் படம்தான் வேண்டியிருந்துச்சு. மாமாதான் காப்பாத்தறோம்னு நெனச்சுக்கிட்டாரு. நான் சொல்லல."